இருநூறு முட்டையும் கால் அம்பியரும்

ஜெயரூபி கடைக்குள் நுழைந்த வேகத்தில் மேசையிலிருந்த மின்விசிறி மூடி உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து வைக்கக்கூட அவள் குனியவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தை மாதத்துப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அவள் முகம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ர முட்டை எல்லாம் போச்சு. ஆர் செய்தது எண்டும் எனக்குத் தெரியும். நீங்கள் வந்து பாத்து, அவள்தான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அக்கா என்று அழைக்கப்பட்ட பிரேமிளா தர்மபுரம் கடைத்தெருவில் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவள். தண்ணீர் மோட்டர், மின்விசிறி, அரைக்கும் மெசின் என்று எது எரிந்தாலும் சுற்றுவட்டாரம் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வரும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த ராசுவின் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் வீட்டுப் பேச்சின் 'ங்க' அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. எதற்கும் பதறமாட்டாள். எரிந்த மோட்டரைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அது தானாக எரிந்தது என்றுதான் சொல்வார்கள். கம்பியைப் பிரித்தால் உண்மை வேறாக இருக்கும். இருபது வருடமாக அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு ஆட்களின் கதையையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

மூலையில் பிளாஸ்ரிக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். ஊரில் நடக்கும் களவு, சண்டை எல்லாவற்றையும் பிரேமிளாவோடு சேர்ந்து துப்பறிவது தன்னுடைய இரண்டாம் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரேமிளாதான் முதலில் கண்டுபிடித்துவிடுவாள். அப்படியான நாட்களில் இவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது என்று அவருடைய மனைவியே ஊரெல்லாம் சொல்லித் திரிவதுண்டு.

ஜெயரூபி மூச்சு விடாமல் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கல்மடுநகர் மாதர் சங்கத்துக்காக அவள் வீட்டில் ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி இருக்கிறது. பழுதாகிப்போன குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அவள் கணவன் கிருசாந்தன் வெட்டி ஒட்டிச் செய்தது. உள்ளே சூடு கொடுக்கும் இரண்டு கம்பிச் சுருள்களையும் சுற்றிப் பூட்டிக் கொடுத்தவள் பிரேமிளா. இந்த முறை சங்கத்தின் இருபது வீடுகளும் வீட்டுக்குப் பத்தாக ஊர்க்கோழி முட்டை கொடுத்திருந்தார்கள், முட்டையில் பென்சிலால் பெயரெழுதி. நாளை ஞாயிற்றுக்கிழமை இருபத்தோராம் நாள். குஞ்சு பொரிப்பதைப் பார்க்கச் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெயரூபி முல்லைத்தீவில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி எடுக்க அல்ல, கொடுக்க. அதைச் சொல்லும்போது அந்தக் கோபத்திலும் அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டு இரவும் தண்ணீரூற்றில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் தங்கி, இன்று காலை சரியாக எட்டுக்குத் திரும்பி வந்தாள். முப்பத்தேழரைப் பாகை இருக்க வேண்டிய பெட்டி முப்பத்தொன்று காட்டியது. காலையில் ஆறு மணிக்கு வயலுக்குப் போகும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று கிருசாந்தன் சொன்னான். ஏழரைக்கு அவன் திரும்பி வரும்போது, வினோஜா கேற்றால் வெளியே போய்க்கொண்டிருந்தாளாம்.

வினோஜா இரண்டு வீடு தள்ளி இருப்பவள். வயதான தாயோடு தனியாக இருக்கிறாள். முன்பு வெளியூரிலிருந்து குஞ்சு எடுத்து வந்து வீடு வீடாக விற்றாள். ஜெயரூபியின் பெட்டி வந்த பிறகு அவளிடம் யாரும் வாங்குவதில்லை. இப்போது சங்கம் எடுத்துக் கொடுக்கும் பள்ளிச் சீருடைத் தையல் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

"கடன் வாங்கின தண்ணிப் பேசினைத் திருப்பிக் குடுக்க வந்தவளாம். எரிச்சல் அக்கா. வியாழக்கிழமை நான் போன பஸ்ஸில எனக்கு ரெண்டு சீற் முன்னால இருந்தவள். முள்ளிவாய்க்காலில செத்துப்போன மாமியின்ர அந்தியேட்டிக்குப் போறாளாம். ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. நேற்று இரவு வந்தவள், விடியவே வேலையைக் காட்டிப்போட்டாள். நாளைக்குக் கூட்டத்தில அவளின்ர பேரைச் சங்கத்தில இருந்து வெட்டுவிக்கிறன்."

பெயர் வெட்டப்பட்டால் தையலும் போகும் என்பது கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். பிரேமிளா அதைப்பற்றிப் பேசவில்லை. பெட்டி இப்போது ஓடுகிறதா, நிறுத்திவிட்டாளா என்று மட்டும் கேட்டாள். ஓடவிட்டு, உள்ளே சுடுதண்ணீர்ப் போத்தல்கள் வைத்துவிட்டு வந்ததாக ஜெயரூபி சொன்னாள். நல்ல காரியம் செய்தாய் என்று தலையாட்டிவிட்டு, பிரேமிளா தன் மீற்றர்களைப் பையில் போட்டாள். மயில்வாகனம் அதற்குள் மோட்டார்சைக்கிளை இயக்கிவிட்டார்.

கிருசாந்தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். நாற்பத்திரண்டு வயது. யுத்த காலத்தில் வன்னிக்குள் கரண்ட் இல்லாத அந்த நீண்ட வருடங்களில், பற்றறியில் றேடியோவும் லைற்றும் ஓடவைத்துக் கொடுத்தே பெயர் எடுத்தவன். பற்றறி கிருசாந்தன் என்றால் அன்று எல்லாருக்கும் தெரியும். இன்று வயலும் தன் பாடுமாக இருக்கிறான். சுவரில் பேப்பரில் வந்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் பெட்டியோடு ஜெயரூபி சிரித்துக்கொண்டு நின்றாள். படத்தின் ஓரத்தில் யாரோ ஒரு ஆணின் தோள் மட்டும் தெரிந்தது. அது யார் என்று பிரேமிளா கேட்டபோது, தான்தான் என்றான் கிருசாந்தன், படத்தைப் பார்க்காமலே.

தான் எப்படிக் காவல் இருந்தேன் என்பதை அவன் கேட்காமலே சொன்னான். "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து பாத்தனான் அக்கா. சிவப்பு லைற் வழமைபோல பத்திறதும் நூருறதுமாத்தான் இருந்தது. கரண்டும் ஒருக்காலும் போகேல்லை. இண்டைக்கு விடியத்தான் ஏதோ நடந்திருக்கு."

சிவப்பு விளக்கு என்பது பெட்டியின் முகப்பில் இருப்பது. சுருள்கள் சூடாகும்போது அது எரியும். முப்பத்தேழரை வந்ததும் சுருள்களோடு சேர்ந்து தானும் அணைந்துவிடும். சூடு இறங்கினால் மறுபடி எரியும். மற்ற நாட்களில் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருக்கும் என்று ஜெயரூபி சொன்னாள். இப்போது அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் தொலைபேசி அடித்தது. கிருசாந்தன் எடுத்தான். "ஓம், ஜெயரூபி வீடுதான். நான் அவவின்ர மனுசன்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை மனைவியிடம் நீட்டினான். அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பல தடவை சொல்கிறவனின் குரல் அது.

பிரேமிளா முதலில் வோல்ற்றைப் பார்த்தாள். 230. பிறகு கவ்விப் பிடிக்கும் மீற்றரை வயரில் மாட்டினாள். கால் அம்பியர். அதைப் பார்த்ததும் அவள் புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. மயில்வாகனம் இரண்டு எண்ணையும் பேப்பர் ஓரத்தில் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.

பின்பக்க மூடியின் நான்கு ஆணிகளையும் கழற்றினார்கள். சுருள்கள் அறுபடவில்லை, எரியவும் இல்லை. ஆனால் வயர்கள் இடம் மாறியிருந்தன. புதிதாகப் போட்ட ஒரு முடிச்சின் மேல் கறுப்பு ரேப்புக்குப் பதிலாக சைக்கிள் ரியூப்பை ஒடுக்கமாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. வினோஜாவிடம் சைக்கிள் இருக்கிறது என்று மயில்வாகனம் உடனே பிரேமிளாவின் காதுக்குள் சொன்னார். கல்மடுநகரில் சைக்கிள் இல்லாத வீடு எது என்று அவள் திருப்பிக் கேட்டதும், பேப்பரில் எழுதத் தொடங்கிய வினோஜாவின் பெயரை அடித்துவிட்டார்.

வயர்களைப் பழையபடி கட்ட அவளுக்குப் பத்து நிமிடம்தான் எடுத்தது. மீற்றர் ஒரு அம்பியர் காட்டியது. சூடு மெல்ல ஏறத் தொடங்கியது. ஜெயரூபி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு முட்டைகளையே பார்த்தாள்.

பெட்டிக்கென்று தனியாக ஒரு சின்னக் கரண்ட் மீற்றர் பூட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது ஜெயரூபியின் வழக்கம். பிரேமிளா அந்தக் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். நாளுக்கு இரண்டு தசம் ஏழு அலகு, இரண்டு தசம் எட்டு அலகு என்று தவறாமல் ஓடியிருந்தது. வியாழன் காலை 412.3. வெள்ளிக்கிழமை வெறுமை. இன்று காலை, அந்தப் பதற்றத்திலும் அவள் கை எழுதியிருந்தது: 415.1. பிரேமிளா அந்தக் கடைசி எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கொப்பியை மூடி, வினோஜாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

மயில்வாகனம் போய் அழைத்துவந்தார். வழியெல்லாம் அவளை விசாரித்திருக்கிறார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. விறாந்தையில் கதிரை போட்டும் வினோஜா உட்காரவில்லை.

"நான் உன்ர பெட்டியைப் பாத்து எரிஞ்சது உண்மை" என்றாள் ஜெயரூபியைப் பார்த்து. "உன்ர படம் பேப்பரில வந்த அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. அதுக்காக முட்டையில கை வைக்கமாட்டன். அதுக்குள்ள என்ர பத்தும் கிடக்கு."

ஜெயரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரேமிளா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். அவள் குரல் கடையில் மோட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணும் குரல் போலவே இருந்தது.

"வோல்ற்றைக் கரண்ட் ஓட்டத்தால வகுத்தா தடை வரும். இருநூத்தி முப்பதைக் கால் அம்பியரால வகுத்தா தொளாயிரத்தி இருபது ஓம். நான் சுத்திக் குடுத்த சுருள் ஒவ்வொண்டும் நானூத்தி அறுபது. ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கட்டினாத்தான் இந்தக் கணக்கு வரும். நான் பூட்டினது அப்படி இல்ல. பக்கத்துல பக்கத்துல, ரெண்டுக்கும் முழு வோல்ற்றும் போற மாதிரி. அப்ப தடை இருநூத்தி முப்பதுதான், ஓட்டம் ஒரு அம்பியர். வோல்ற்றையும் ஓட்டத்தையும் பெருக்கினா வலு. முந்தி இருநூத்தி முப்பது வாற்று. மாத்திக் கட்டின பிறகு வெறும் அம்பத்தேழு."

"அதைத்தான் இவள் விடிய வந்து செய்திருக்கிறாள்" என்றாள் ஜெயரூபி.

"எப்ப செஞ்சாங்கன்னு உங்க கொப்பி சொல்லுது. பாதி நேரம் சூடாகி, பாதி நேரம் அணைஞ்சு கிடந்தா பெட்டிக்கு ஒரு நாளைக்கு ரெண்டே முக்கால் அலகு வேணும். ரெண்டு நாளைக்கு அஞ்சரை. வினோஜா இண்டைக்கு ஏழு மணிக்கு மாத்தியிருந்தா, அதுக்கு முந்தின நாப்பத்தேழு மணித்தியாலமும் பெட்டி ஒழுங்கா ஓடியிருக்கும். மீற்றரும் அஞ்சரைக்குக் கிட்ட ஓடியிருக்கும். ஆனா ஓடினது ரெண்டு தசம் எட்டு. அம்பத்தேழு வாற்றை நாப்பத்தெட்டு மணித்தியாலத்தால பெருக்கிப் பாருங்க. சரியா அதுதான் வரும்."

மயில்வாகனம் பேப்பரில் பெருக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் விட மனமில்லாமல், இடையில் கரண்ட் போயிருந்தாலும் அலகு குறையும்தானே என்று கேட்டார். நல்ல கேள்வி என்று பிரேமிளா ஒப்புக்கொண்டாள். ஆனால் கரண்ட் ஒருதடவையும் போகவில்லை என்று கிருசாந்தனே சொல்லியிருக்கிறார், அதோடு கரண்ட் போனால் வயர் இடம் மாறாது என்றாள். மயில்வாகனம் பேப்பரை மடித்துவிட்டார். அன்று இரவும் அவருக்குச் சாப்பாடு இறங்கியிராது.

"அப்ப, ஜெயரூபி வெளிக்கிட்ட கையோட, வியாழக்கிழமை எட்டு மணிக்கே வயர் மாறியிருக்கு" என்றாள் பிரேமிளா. "அந்த நேரம் வினோஜா எங்க இருந்தாங்கன்னு ஜெயரூபிக்கே தெரியும். ரெண்டு சீற் முன்னால."

ஜெயரூபி எண்ணிப் பார்ப்பது போல விரல்களை மடக்கினாள். பிறகு மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்டும் இருக்கு" என்று பிரேமிளா தொடர்ந்தாள். "இந்தப் பனிக்குள்ள அம்பத்தேழு வாற்று மத்தியானத்துலகூட முப்பத்தேழரையை எட்டாது. எட்டாட்டி சிவப்பு லைற் நூராது. ரெண்டு நாளும் அது ஒரே பத்தாப் பத்தியிருக்கும். ஆனா அது நூந்து நூந்து பத்தினதா ஒருத்தர் சொன்னார். முட்டையைக் கொல்ல நினைச்சவங்க பிளக்கைக் கழட்டியிருப்பாங்க. இது கொல்ல நினைச்ச ஆள் இல்ல. ரெண்டு சுருளும் வேலை செய்யணும், சூடும் இருக்கணும், ஆனா கொஞ்சம் குறையணும்னு நினைச்ச ஆள். முடிச்சு மேல ரியூப் சுத்தின பழக்கம், ரேப் கிடைக்காத காலத்துல வேலை பழகின கைக்குத்தான் வரும்."

கிருசாந்தன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஜெயரூபிக்கு அவ்வளவு நொந்திருக்காது.

"பாதி குறையும் எண்டுதான் நினைச்சனான்" என்றான் கடைசியில். "அந்த நாளையில பற்றறி மிச்சம் பிடிக்க ரெண்டு பல்ப்பை வரிசையாக் கட்டுவம். பாதி வெளிச்சம், பாதிச் செலவு எண்டு சொல்லுவம். லைற் பாதி நேரம்தானே பத்துது, பாதிச் சூடு எண்டால் முழுநேரமும் பத்திச் சமாளிக்கும், ஒரு பாகை குறைஞ்சு ஒரு நாள் பிந்திப் பொரிக்கும் எண்டு கணக்குப் போட்டனான். நேற்று முப்பத்திரண்டைக் கண்டோடன பயந்துபோனன். விடிய வயலால வந்து மாத்துவம் எண்டு நினைக்க, நீர் வந்திட்டீர்."

"வோல்ற்றும் பாதி, ஓட்டமும் பாதி" என்றாள் பிரேமிளா. "பாதியில பாதி கால்." பற்றறிக் காலத்தில் யாரும் அதை அளந்து பார்க்கவில்லை, இருட்டில் கொஞ்ச வெளிச்சம் இருந்தாலே அது பாதி என்று நம்பப் போதுமாக இருந்தது.

ஏன் பிந்த வேண்டும் என்று ஜெயரூபி கேட்டாள்.

பெட்டி செய்தது நான், ஆனால் கேட்டு வருகிறவர்களுக்கு நான் உம்மட மனுசன் மட்டும்தான் என்றான். அந்தப் படத்தில் தோள் மட்டும் இருக்கிறதைச் சட்டம் போட்டு மாட்டும்போது நீர் ஒரு சொல்லுச் சொல்லவில்லை என்றான். பொறாமைதான், வேறு பெயர் ஒன்றும் அதற்கு இல்லை என்று அவனே சொன்னான். "முந்தி சின்ன ஆணி கழண்டாலும் என்னைக் கூப்பிடுவீர். இப்ப ஒண்டுக்கும் கேக்கிறேல்லை. குஞ்சு பிந்தினால் ஒருக்கா என்னட்ட வந்து கேப்பீர் எண்டு நினைச்சன்."

ஜெயரூபி அவன் பக்கம் ஓரடி வந்தாள்.

"முட்டை போச்சுது எண்டு கண்டோடன, நீங்கள் பக்கத்தில நிக்க நிக்க, நான் ஓடிப்போனது பிரேமிளா அக்காட்ட" என்றாள். "உங்களட்டக் கேக்கிற யோசினையே வரேல்லை."

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றை எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது. அதுவரை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த வினோஜா கேற்றை நோக்கி நடந்தாள். கேற்றடியில் ஜெயரூபி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். வினோஜா கையை இழுத்துக்கொண்டு, நாளைக்குக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் கேள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. இருபது வீட்டுப் பெண்களும் வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஜெயரூபி அவர்களுக்கு முன்னால் வினோஜாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பிழை தங்கள் வீட்டில்தான் நடந்தது என்றும் சொன்னாள். யார் என்று அவள் சொல்லவில்லை. கிருசாந்தன்தான் பின்னாலிருந்து எழும்பி, வயரை மாற்றியது நான் என்று சொன்னான். சில பெண்கள் சிரித்தார்கள். முட்டை கொடுத்த சிலர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் முதல் குஞ்சு ஓட்டை உடைத்தது. செவ்வாய் மாலை எண்ணியபோது இருநூறில் நூற்றுப் பதினெட்டு. வினோஜாவின் பத்தில் ஏழு.

புதன்கிழமை பிரேமிளாவும் மயில்வாகனமும் பெட்டியைக் கடைசியாகச் சரிபார்க்கப் போனார்கள். பின்மூடியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. கிருசாந்தன் அளவெடுத்துத் துளையிட்டு, அழகாகப் பொருத்தியிருந்தான். அடுத்த முறைக்குச் சுருளைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும், தானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மனைவியிடம் பூட்டுத் திறப்பைக் கேட்டான்.

"திறப்பு வினோஜாட்டக் குடுத்திருக்கு" என்றாள் ஜெயரூபி, குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "போய்க் கேட்டு வாங்குங்கோ."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிக் கேட்கப் போனான்.